நாணயம் பார்ப்பவரின் நாணயம்

அரபு மொழியில் திறனாய்வுக்கு ‘நக்து’ என்று பெயர். காசைச் சோதித்து நல்லதையும் கள்ளதையும் பிரித்தறிதல் என்பதே அச்சொல்லின் மூலப்பொருள். கி.பி. 10ஆம் நூற்றாண்டினரான குதாமா இப்னு ஜஃபர், கவிதை ஆய்வு பற்றிய தம் நூலுக்கு அச்சொல்லாலேயே பெயரிட்டார். காசைச் சோதிப்பவர் அதன் இரு பக்கங்களையும் பார்த்தல் வேண்டும். புகழ்பெற்ற மதிப்புரை ஒன்று இக்கடமையில் தவறியதை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

1711 பிப்ரவரி 24ஆம் நாள், லண்டன் ஹேமார்க்கெட் அரங்கில் ஹேண்டலின் ‘ரினால்டோ’ என்னும் இத்தாலிய இசை நாடகம் அரங்கேறியது. பத்து நாள் கழித்து, ஜோசப் அடிசன் தம் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் அதனை எள்ளி நகையாடினார். தீட்டிய சோலைக்குள் உயிருள்ள சிட்டுக்குருவிகளைப் பறக்கவிட்டதும், அட்டைக் கடலும், தீ உமிழும் பொம்மை நாகங்களும் அவர் நகைப்புக்கு இலக்காயின. மெய்யையும் போலியையும் ஒரே காட்சியில் கலத்தல் தகாது என்றார் அவர்.

இக்கருத்து நேரியதே, நாமும் உடன்படுகின்றோம். 1707இல் அடிசன் எழுதிய ‘ரோசமண்ட்’ என்னும் இசை நாடகம் மூன்றே காட்சிகளோடு நின்றுபோனது. ஆகவே இது பொறாமையின் விளைவு என்பார் உளர். நிய்யத்தை ஆராய்வது நம் வேலையன்று. அவர் எழுதியதும் எழுதாது விட்டதுமே நமக்குப் போதும்.

கதை நிகழ்வது முதல் சிலுவைப் போரில். பைத்துல் முகத்தஸின் மன்னனாக அர்கான்டே என்பவனும், திமிஷ்கின் அரசியாகவும் சூனியக்காரியாகவும் அர்மிடா என்பவளும் வருகின்றனர். தோற்றதும் இருவரும் கிறிஸ்தவம் தழுவுகின்றனர். வரலாறோ வேறு. 1099இல் அந்நகரைக் காத்தவர் பாத்திமிய ஆளுநர் இஃப்திகாருத் தவ்லா. திமிஷ்கை ஆண்டவர் சல்ஜூக்கிய மரபினரான துகாக். ஜூலை 15இல் நகர் வீழ்ந்தபின் நடந்தது மதமாற்ற விழா அன்று, மக்கட் படுகொலை.

நாடகம் வரலாற்று நூலாக வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. கற்பனைக்குப் புலவனுக்கு உரிமை உண்டு. ஆனால், குருவியிடம் மெய்ம்மை கேட்ட திறனாய்வாளர், மனிதரைக் காட்டிய முறையில் மெய்ம்மை உண்டா என ஏன் கேட்கவில்லை?

மற்றொரு குறை இதனினும் பெரிது. ஹேண்டல் இரு வாரங்களில் இசையமைத்தார் என்ற முன்னுரைச் செய்தியைக் கேலி செய்த அடிசன், அவ்விசை எத்தகையது என்று ஆராய்ந்தாரில்லை. ஆராய்ந்திருப்பின் ஒன்றை உணர்ந்திருப்பார். அர்கான்டேயை ஹேண்டல் எக்காளமும் முரசும் முழங்க மன்னனுக்குரிய மிடுக்கோடு நுழைய வைத்தார். சூனியக்காரி எனப்பட்ட அர்மிடாவுக்கு, ஓபோவும் பசூனும் உடன் அழும் உருக்கமான புலம்பலை அளித்தார். கதையாசிரியர் பகைவராக மட்டுமே வரைந்தவர்களை இசையமைப்பாளர் மனிதராக்கினார். எழுத்து மறுத்த நீதியை இசை வழங்கியது.

குருவிகள் அன்றோடு பறந்துபோயின. அப்புலம்பல் இன்றும் பாடப்படுகின்றது. காசின் துருவைக் கண்டவர் அதன் ஒலியைக் கேட்கவில்லை. நாணயம் பார்ப்பவருக்குக் கண் மட்டும் போதாது. செவியும் வேண்டும், நாணயமும் வேண்டும்.