இரண்டு டீயின் விலை

சிக்கனக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு டீயின் மேல் என்ன கோபமோ தெரியவில்லை. 'பணம் சேர்ப்பது எப்படி' வகைப் புத்தகம் எதைப் புரட்டினாலும் மூன்றாவது பக்கத்துக்குள் டீ வந்துவிடுகிறது. டீ 12 ரூபாய், ஒரு நாளைக்கு இரண்டு, மாதம் 720, வருஷம் 8,640, இருபது வருஷத்தில் கூட்டு வட்டியோடு... அதற்கப்புறம் அவர்கள் போடும் தொகையைப் பார்த்தால் டீக்கடைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டீர்கள்.

அவர்கள் எழுதட்டும், பிழைப்பு. ஆனால் நோபல் வாங்கியவர்களும் இந்த டீக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் 2011-ல் எழுதிய 'புவர் எகனாமிக்ஸ்' புத்தகத்தில் சென்னையின் பழ வியாபாரிகள் வருகிறார்கள். காலையில் ஆயிரம் ரூபாய் கடன் வாங்கிச் சரக்கு எடுத்து, விற்று, சாயங்காலம் திருப்பிக் கட்டுகிறவர்கள். வட்டி கிட்டத்தட்ட 5 சதவிகிதம். மாதத்துக்கு இல்லை சார், நாளுக்கு!

இனி கணக்கு. அந்த அம்மா மூன்று நாள் மட்டும் இரண்டு டீயைக் குறைத்து, தினம் 5 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார் (அந்தக் கால டீ விலை). மறுநாள் 1,000-க்குப் பதில் 995 வாங்கினால் போதும். வட்டியில் 25 காசு மிச்சம். அதையும் கடனில் கழித்துவிட்டால் அதற்கு அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் மிச்சம். நாலாவது நாளிலிருந்து டீயைப் பழையபடி குடிக்கலாம். மிஞ்சும் வட்டியை மட்டும் தொடாமல் கடனிலேயே கழித்துக்கொண்டு வந்தால், சுமார் 90 நாளில் கடனே கிடையாது. அதற்கப்புறம் தினம் 50 ரூபாய் கையில்.

கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது. ஒரே ஒரு குறை, இந்தக் கணக்கின் 90 நாளில் எதுவுமே நடப்பதில்லை. மழை பெய்வதில்லை. வாழைப்பழம் கறுப்பதில்லை. பையனுக்குக் காய்ச்சல் வருவதில்லை. நாத்தனார் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு வருவதில்லை.

அந்த இருவரும் ஏழைகளைத் திட்டவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு சுலபமான வழி இருக்கும்போது ஏன் செய்வதில்லை என்று அக்கறையாகத்தான் கேட்கிறார்கள். மன உறுதி, ஆசை, எதிர்காலத்தின் மேல் நம்பிக்கை என்று பதில் தேடுகிறார்கள். மனசுக்குள் தேடுவதற்கு முன் காலண்டரைப் பார்த்திருக்கலாம் என்பதுதான் என் குறை.

காலண்டரைப் பார்த்தவர்கள் செந்தில் முல்லைநாதனும் எல்டார் ஷஃபீரும். அவர்களுடைய 'ஸ்கார்சிட்டி' 2013-ல் வந்தது. அதில் நம்ம கோயம்பேடே வருகிறது. 1,000 ரூபாய்க்கு எடுத்து 1,100-க்கு விற்று, லாபம் நூறில் பாதியை வட்டிக்காரரிடம் கொடுக்கும் அதே ஜனங்கள். ஆராய்ச்சிக்காரர்கள் பாதிப் பேரின் கடனை அப்படியே அடைத்துவிட்டார்கள். டீயைத் துறக்காமலே விடுதலை! என்ன நடந்தது? ஊதாரித்தனமாகச் செலவழித்துத் தீர்க்கவில்லை. மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கடனுக்குத் திரும்பினார்கள். ஏதோ ஒரு நாள், எதிர்பாராத ஒரு செலவு. சொந்தத்தில் ஒரு கல்யாணம், கைநீட்டிக் கொடுத்தாக வேண்டிய மொய், அவ்வளவுதான். அவர்கள் வாழ்க்கையில் கொஞ்சம்கூட இளக்கம் இல்லை என்று விளக்குகிறது புத்தகம். அடைத்து வைத்த பெட்டியில் இன்னொரு சட்டையை வைக்க வேண்டுமென்றால் உள்ளே இருப்பதில் ஒன்றை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும்.

இந்த விஷயத்தில் என் ஓட்டு, 2009-ல் வந்த 'போர்ட்ஃபோலியோஸ் ஆஃப் த புவர்' புத்தகத்துக்கு. டேரில் காலின்ஸ், ஜோனதன் மோர்டக், ஸ்டூவர்ட் ரதர்ஃபோர்ட், ஆர்லாண்டா ருத்வென் என நாலு பேர் எழுதியது. இந்தியா, பங்களாதேஷ், தென்னாப்பிரிக்காவில் 250-க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களிடம் ஒரு வருஷம், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, என்ன வந்தது என்ன போனது என்று உட்கார்ந்து எழுதி வாங்கியிருக்கிறார்கள். டாக்காவில் ஒரு ரிக்‌ஷாக்காரர் குடும்பம். மாத வருமானம் சுமார் 70 டாலர். சேமிப்பு என்று பார்த்தால் ஆறு இடத்தில்: வீட்டில் கொஞ்சம், ஊரில் பெற்றோரிடம் கொஞ்சம், உறவுக்குக் கைமாற்று, இன்ஷூரன்ஸ் என்று. மளிகைக் கடையில் பாக்கி, வாடகை பாக்கி, குழுக் கடன் வேறு. இத்தனைக்கும் நடுவில் அந்த மனைவி பக்கத்து வீட்டுக்காரர்களின் பணத்தையும் பத்திரமாக வைத்துக் கொடுக்கிறார். அந்த வருஷம் சேமிப்பும் கடனுமாக அவர்கள் கையில் புரண்ட பணம், அவர்களுடைய வருஷ வருமானத்தைவிட அதிகம்.

இந்த அம்மாளுக்கா 'தினமும் கணக்கு எழுதுங்கள்' என்று யோசனை சொல்வது?

வருமானம் குறைவு என்பது பாதிப் பிரச்னைதான். அது எப்போது வரும் என்று தெரியாததுதான் மீதி என்கிறது அந்தப் புத்தகம். நம் குறிப்புகள் தடுமாறுவது இங்கேதான். எல்லாவற்றிலும் 'மாத பட்ஜெட்'. ஒன்றாம் தேதி சம்பளம் என்கிற ஒரு கும்பலுக்காக எழுதி, சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கும் அதையே நீட்டுகிறோம். 'மாத மளிகையை மொத்தமாக வாங்குங்கள், 10 சதவிகிதம் மிச்சம்.' சரி, 3,000 ரூபாய் ஒரே நாளில் கையில் இருந்தால் வாங்கலாம். தினக்கூலி வாங்குகிறவர் நூறு எண்ணெயும் கால் கிலோ பருப்பும் வாங்குவது சாமர்த்தியம் இல்லாமல் இல்லை, வருமானத்தின் அளவுக்குச் செலவை வெட்டியிருக்கிறார். (ஷாம்பூவில் பாட்டிலைவிட சாஷே மலிவாக இருப்பதும் உண்டு. குறிப்பு எழுதுகிறவர்கள் மில்லி கணக்கைப் போட்டுப் பார்க்கவும்.)

அப்புறம் அந்த 50-30-20. அவசியத்துக்குப் பாதி, ஆசைக்கு 30, சேமிப்புக்கு 20. யூட்யூபில் இன்று இதைச் சொல்லாதவர் பாக்கியில்லை. இதைப் பரப்பிய 2005 புத்தகம் அமெரிக்காவின் எலிசபெத் வாரனும் அவர் மகளும் எழுதியது. அதே இருவர் 2003-ல் எழுதிய முந்தைய புத்தகத்தை யாரும் பிரிப்பதில்லை. குடும்பங்கள் திவாலாவது ஆடம்பரத்தால் இல்லை, வீடு, மருத்துவம், பிள்ளைகள் படிப்பு போன்ற தவிர்க்க முடியாத செலவுகளால் என்று வாதாடிய புத்தகம் அது. 15,000 வருமானத்தில் வாடகையும் கரண்ட்டும் ஸ்கூலுமே பாதியைத் தாண்டினால், ஆசைக்கு 30 எங்கே? அந்த வீட்டில் ஆசை என்பதே அந்த டீதான்.

'போர்ட்ஃபோலியோஸ்' மேலும் ஒரு புகார் உண்டு. வியாதியைச் சரியாகப் பிடித்துவிட்டு, மருந்துக்கு நுண்கடன் கம்பெனிகளின் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே சாய்கிறது. புத்தகம் வந்த மறு வருஷமே, 2010-ல், ஆந்திராவில் அந்தக் கம்பெனிகளின் வசூல் முறை பெரிய விவகாரமாகி அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. குழு லோனில் தவணை மட்டும் தேதி தவறாது. வேலை கிடைக்கும் தேதிக்கு அந்த ஒழுங்கு கிடையாது. போன் ரீசார்ஜும் இதே ரகம்தான். 28 நாள் என்று வைத்து வருஷத்துக்கு 13 'மாதம்' பண்ணிவிட்டார்கள்.

2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானது. நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகும் ஒருவருக்கு, போகப் பத்து வரப் பத்து என்று வைத்தாலும், மாதம் 26 நாளைக்கு 520 ரூபாய். இரண்டு டீக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்தப் பணத்துக்காக அவர் எதையும் விட வேண்டியிருக்கவில்லை. 'இலவசம் கொடுத்தே கெடுத்துவிட்டார்கள்' என்று அப்போது முணுமுணுத்தவர்கள் யாரென்று நினைவிருக்கிறதா? அவர்கள் கையில் ஒரு டம்ளர் இருந்தது. ஃபில்டர் காபி.