சுமையில்லா வண்டியின் சுவை

திறனாய்வு என்பது நூல்களுக்கு மட்டுமே உரியது எனக் கருதுவோர் உளர். மனிதன் கருத்தோடு படைத்த எப்பொருளையும் ஆராயலாம்; அது நம் உள்ளத்தை ஈர்ப்பது ஏன் என்று வினவலாம். இங்கு நாம் ஆராயப் புகுவது ஒரு விளையாட்டுப் பொருள்: பந்தயப் பிக்-அப் வண்டியின் சிற்றுரு.

‘ஸ்லாட் கார்’ எனும் விளையாட்டைப் பலர் அறிந்திருப்பர். பிளாஸ்டிக் பாதையில் மெல்லிய பள்ளம் ஒன்று நீண்டு செல்லும். அதன் இருமருங்கிலும் மின்சாரம் பாயும் உலோகப் பட்டைகள் பதிந்திருக்கும். வண்டியின் அடியிலுள்ள சிறு நாக்கு பள்ளத்தில் இறங்கி வழிகாட்ட, உலோகப் பின்னல்கள் பட்டைகளைத் தொட்டு மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுசெல்லும். ஆடுபவர் கையில் இருப்பது ஒரு விசை மட்டுமே. வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், வண்டியைத் திருப்புதல் அவர் வசத்தில் இல்லை. இங்கிலாந்தில் ஃபிரெட் பிரான்சிஸ் என்பார் 1957-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸ்கேலெக்ஸ்டிரிக்’ இவ்விளையாட்டைப் பல நாடுகளிலும் பரப்பிற்று.

ஃபெராரி, ஜாகுவார் போன்ற கார்களின் சிற்றுருக்களை மக்கள் விரும்புவதில் வியப்பில்லை. விரைவே அவற்றின் பிறப்பு நோக்கம். பிக்-அப் வண்டியோ மூட்டை சுமக்கப் பிறந்தது. முன்னே உயர்ந்த கூண்டு, பின்னே வெறுந்தொட்டி. காற்றை ஊடுருவிச் செல்லும் வடிவன்று; காற்றோடு மல்லாடும் வடிவம். இதற்குப் பந்தயத்தில் என்ன வேலை?

அமெரிக்கர் அவ்வேலையைக் கொடுத்தனர். பாலைநிலப் பந்தயங்களில் பிக்-அப் வண்டிகளை ஓட்டிய சிலரின் எண்ணத்திலிருந்து நாஸ்கார் அமைப்பின் பிக்-அப் பந்தயத் தொடர் உருவாயிற்று. 1995 பிப்ரவரி 5-ஆம் நாள் ஃபீனிக்சில் நடந்த முதற்போட்டியில் மைக் ஸ்கின்னர் வென்றார். அவ்வாண்டின் பட்டமும் அவருக்கே கிட்டியது. அவ்வண்டிகள் வெளித்தோற்றத்தில் பிக்-அப். உள்ளே குழாய்களால் ஆன சட்டமும் எட்டு உருளை எஞ்சினும் கொண்டவை. பின்தொட்டியை மூடிவிட்டனர். ஒரு மூட்டையையும் அதில் ஏற்ற இயலாது!

இங்குத் தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல் நமக்குத் துணைவருகிறது. நகை தோன்றும் இடங்களுள் ஒன்றாக எள்ளலை அவர் வைத்தார். மூட்டை வண்டி பந்தயத்துக்கு வரின் முதலில் நகைப்போம். மருட்கை எனும் வியப்புக்கு அவர் கூறிய நான்கு காரணங்களுள் புதுமை, சிறுமை, ஆக்கம் ஆகியன அடங்கும். ஒன்று திரிந்து மற்றொன்றாதலே ஆக்கம் என்பர் உரைகாரர். சுமைவண்டி பந்தய வண்டியாகித் திரிந்தது. அது மீண்டும் உள்ளங்கையில் அடங்கும் உருவாகித் திரிந்தது. ஈரடுக்கு ஆக்கத்தோடு சிறுமையும் சேரவே, நகைத்தவர் வியக்கின்றனர்.

ஆயினும் சிறிதாக்கினால் மட்டும் போதுமா? முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவில் 5 மீட்டர் வண்டி 16 சென்டிமீட்டருக்குள் அடங்கும். அதன் கன அளவோ 32,768-இல் ஒரு பங்காகிவிடும். புவியீர்ப்பு மட்டும் சிறிதும் சுருங்காது. எனவே உருவ ஒப்புமை ஓட்டத்தின் ஒப்புமை ஆகாது. கூரையைத் தடித்த பிளாஸ்டிக்கால் நுட்பமாகச் செய்தால், மேற்பாரம் மிகுந்து வளைவில் வண்டி கவிழும். மெல்லிய தகட்டை அச்சில் வார்த்து உட்புறம் வண்ணம் தீட்டினால், வண்டி நன்கு ஓடும், நுட்பங்கள் மறையும். எதைக் காப்பது, எதை இழப்பது என்னும் தேர்விலேதான் செய்வோனின் கலையறிவு வெளிப்படுகிறது.

இத்தேர்வுக்கு அஞ்சியவர் நாடும் குறுக்குவழி காந்தம். மோட்டாரின் காந்தமே பாதையின் இரும்புப் பட்டைகளைப் பற்றி இழுக்கும் முறையை அமெரிக்காவின் அரோரா நிறுவனம் 1970-களில் கையாண்டது. இதனால் தொடக்கநிலைச் சிறுவர் நன்மை பெறுவர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் காந்தம் வலுத்தால் வண்டி பாதையோடு ஒட்டிக்கொள்கிறது. தாழ்ந்த ஃபெராரியும் உயர்ந்த பிக்-அப்பும் ஒன்றுபோலவே ஓடுகின்றன. அப்போது பிக்-அப் வடிவம் வெறும் மேற்பூச்சாகிவிடுகிறது. இனிய மெட்டொன்று எச்சொல்லையும் தூக்கிச் செல்லும்போது, பாட்டில் சொல்லுக்கு என்ன மதிப்பு?

உருவமும் உள்ளடக்கமும் பிரியாதிருப்பதே நற்படைப்பின் இலக்கணம். காந்தத்தை நீக்கிப் பாருங்கள். உயர்ந்த கூண்டு வளைவில் சாய முனைகிறது; இலேசான பின்பகுதி வால்போல் வீசுகிறது. வடிவம் பேசத் தொடங்குகிறது! நேர்ப்பாதையில் விசையை அழுத்துவது எவர்க்கும் எளிது. வளைவுக்கு எவ்வளவு முன்னர் விரலைத் தளர்த்துவது என்பதைப் பலமுறை கவிழ்ந்த பின்னரே கை கற்கிறது. விரைந்தோடும் கார் வேகத்தைக் கற்பிக்கிறது. பிக்-அப் வண்டியோ அடக்கத்தைக் கற்பிக்கிறது. அதன் தனிச்சுவை இதுவே என்பது என் துணிபு.

பெருமிதத்தின் நான்கு நிலைக்களன்களுள் கல்வியைத் தொல்காப்பியர் முதலாவதாக வைத்தார். ஓட மறுக்கும் வடிவத்தைத் தன் கைப்பயிற்சியால் கவிழாமல் ஒரு சுற்றுக் கொண்டுவந்த சிறுவனின் முகத்தை நோக்குங்கள். அங்கே மலர்வது வென்ற களிப்பு மட்டுமன்று, கற்றவன் பெருமிதம்.