விற்ற கணக்கும் கேட்ட கணக்கும்

தோட்டத்துக் கிராணிக்குப் பட்டியல் என்றால் தனி மரியாதை. காலைப் பெரட்டில் ஆள் எண்ணுவதும், செம்பனைக் குலை எண்ணுவதும், எண்ணியதைப் புத்தகத்தில் ஏற்றுவதுமே கேரித் தீவில் நமது பிழைப்பு. ஆதலின், 1960களின் பிற்பகுதியில் மேனாடுகளில் வெளிவந்த எல்.பி. இசைத்தட்டுகளின் விற்பனைப் பட்டியல்கள், நாம் பிறப்பதற்கு முந்தியவையாயினும், நம் மனத்தைக் கவர்ந்ததில் வியப்பில்லை.

அவற்றால் விளைந்த நன்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். அக்காலம் என்றதும் பீட்டில்ஸ் கோஷ்டியாரையும் வாலிபர் புரட்சியையுமே யாவரும் பேசுவர். ஆனால் பிரிட்டனில் 1965, 1966, 1968 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மிகுதியாய் விற்றது 'தி சவுண்ட் ஆப் மியூசிக்' என்னும் சினிமாவின் பாட்டுத் தட்டேயாம். மொத்தம் 70 வாரங்கள் அது முதலிடத்தில் இருந்தது. தாயும் பிள்ளைகளும் கூடியிருந்து கேட்கும் பாட்டையே ஜனங்கள் அதிகம் வாங்கினர் என்பது பட்டியலின்றி நமக்குத் தெரிந்திராது. வீண் பெருமையை உடைப்பதில் கணக்குக்கு நிகர் கணக்கே.

நிற்க. அக்கணக்கு எடுக்கப்பட்ட விதம் யாது? அமெரிக்காவின் 'பில்போர்டு' பத்திரிகை 1967இல் தன் பட்டியலை 200 இடங்களாக விரித்தது. எனினும் கடைக்காரர்களை விசாரித்து, அவர்கள் சொன்னதைக் கொண்டே இடம் வகுத்தது. விற்கும் தட்டுகளைக் கடையிலேயே இயந்திரத்தால் எண்ணும் முறை 1991இல்தான் கைக்கொள்ளப்பட்டது. எவ்வளவு நேர்மையாய் எண்ணினும், காசு கொடுத்து வாங்கியவனே அதில் மனிதன். வாங்க வகையின்றிக் கேட்டவன் அதில் இல்லை.

இலங்கை வானொலியில் 1952இல் தொடங்கி, அமீன் சயானி நடத்திய 'பினாக்கா கீத்மாலா' ஹிந்திப் பாட்டுகளை வரிசைப்படுத்தியபோது, கடை விற்பனையோடு நேயர் சங்கங்களின் விருப்பத்தையும் சேர்த்துப் பார்த்தது. தட்டு வாங்க இயலாதவனுக்கும் அங்கே ஒரு குரல் கிடைத்தது. இஃது ஒரு படி மேல். ஆயினும் எழுதப் படிக்கத் தெரியாதவன் அங்கும் வெளியேதான் நின்றான்.

இனி நம்மவர் விஷயத்துக்கு வருவோம். 'தில்லானா மோகனாம்பாள்', 'எதிர்நீச்சல்' ஆகியவை 1968இலும், 'சாந்தி நிலையம்' 1969இலும் வெளிவந்தன. அக்காலத்துத் தமிழ்ச் சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் இரண்டு அல்லது நான்கு பாட்டுக் கொண்ட சிறு தட்டுகளிலேயே வந்தன, எல்.பி. பட்டியலில் அவற்றுக்கு இடமேது? இந்திய அரசாங்கம் 1967ஆம் ஆண்டுப் படங்களுள் 'கந்தன் கருணை'க்காகக் கே. வி. மகாதேவனுக்கும், 1968ஆம் ஆண்டுப் படங்களுள் 'உயர்ந்த மனிதன்' பாட்டுக்காகப் பி. சுசீலாவுக்கும் விருதளித்தது. தகுதியான விருதுகளே; ஆனால் அது நடுவர் தீர்ப்பு, லயத்து ஜனங்களின் தீர்ப்பன்று. லயத்தில் ஒரு வீட்டு ரேடியோவுக்குப் பத்து வீட்டார் செவி கொடுத்தனர். கல்யாணத்துக்கு வந்த ஒலிபெருக்கியில் சுழன்ற ஒரு தட்டைத் தோட்டமே கேட்டது. விற்றது ஒன்று, கேட்ட காதுகள் எத்தனை!

முற்காலத்தில் கணவனோடு வெளிக்காட்டுக்குச் சென்று உழைத்த பெண்கள் பலரின் பெயர் செக்ரோலில் ஏறியதில்லை. செக்ரோலை மட்டும் பார்க்கிறவன், அவர்கள் உழைக்கவேயில்லை என்பான். இசைத்தட்டுப் பட்டியலைக் கொண்டு அக்காலத்து ஜனங்களின் ரசனை இதுதான் என்போரும் அத்தவற்றையே செய்கின்றனர்.

இக்குற்றத்துக்கு நாமும் உடந்தை. இங்கிலீஷ் படிப்பின் பலனாய் லண்டன் பட்டியலை ஒப்புவிக்கத் தெரிந்த நாம், நம் லயத்துப் பாட்டி ஒருவரிடம், "உங்கள் காலத்தில் எந்தப் பாட்டு நன்றாய் ஓடியது?" என்று அண்மையில்தான் கேட்டோம். அவர் படத்தின் பெயரைச் சொல்லவில்லை. எவர் கல்யாணத்தில் எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள் என்று வரிசையாய்ச் சொன்னார். முடிவில், "இதையெல்லாம் இதுக்கு முந்தி யாருங்கையா கேட்டா?" என்றார்.

எம்.ஜி.ஆர். பாட்டா, சிவாஜி பாட்டா என்று கணக்கின்றிச் சச்சரவிடுவதில் இன்னும் காலம் போக்குவோர் நம்மிடை உளர். அதை விடுத்து, கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தோட்டங்களிலும் உள்ள வாலிபர்கள் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகத்துடன் தத்தம் வீட்டு முதியோரிடம் உட்காரட்டும். எந்தப் பாட்டு, எந்த ஊரில், எவர் வீட்டு ரேடியோவில் என்று எழுதட்டும். 1968இல் இருபது வயதாயிருந்தவர்கள் இன்று எண்பதை நெருங்குகின்றனர் அல்லது கடந்துவிட்டனர். அவர்கள் பெயரை அன்று எவரும் ஏற்றவில்லை. இன்றேனும் நாம் ஏற்றுவோமாக.