உலக மரபுடைமைப் பட்டியலும் சிராங்கூன் சாலையும்

ஜெர்மனியின் பான் நகரில் 2015ஆம் ஆண்டு ஜூலையில் கூடிய உலக மரபுடைமைக் குழு, பூமலை எனப்படும் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு யுனெஸ்கோவின் பட்டியலில் இடமளித்தது முதலாக, அதே கௌரவம் லிட்டில் இந்தியாவுக்கும் கிட்ட வேண்டும் என்ற பேச்சு நம்மவரிடையே அவ்வப்போது எழுகிறது. அதை எழுப்புவோர் அவ்வட்டாரத்தின் சிராங்கூன் சாலையின்மீது மெய்யான அபிமானம் கொண்டவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த அங்கீகாரத்தால் நன்மை விளைவதில்லை என்றும் நான் சொல்ல வரவில்லை. 1999இல் ஹம்பியை ஆபத்துக்குள்ளான தலங்களில் ஒன்றாகச் சேர்த்த எச்சரிக்கை, 2006இல் அது விடுபடும் வரையில், ஆட்சியாளரைச் சற்று நிதானிக்க வைத்தது உண்மை.

ஆயினும் நெடுநாளாக என் மனத்தை உறுத்தும் குறை ஒன்று உண்டு. இடத்தை அத்தனை நுணுக்கமாக அளந்து பார்க்கும் இந்தப் பட்டியலின் கண்ணுக்கு, அந்த இடத்தை உண்டாக்கியவரும் அங்கே பிழைப்பவரும் தென்படுவதில்லை.

பூமலையையே எடுத்துக்கொள்வோம். 1877இல் லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் இங்கே வந்தன. 1888இல் தோட்டத்தின் தலைமைப் பொறுப்பேற்ற தாவரவியலாளர் ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பாலெடுக்கும் முறையைக் கண்டார். இப்படி ரப்பர் விவசாயம் பரவுவதற்குத் தோட்டம் செய்த உபகாரமே அதன் உலக மதிப்புக்குரிய காரணங்களில் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பரவலைத் தம் உடம்பால் நடத்திக் கொடுத்தவர்களோ, நாகப்பட்டினத்தில் கப்பலேறி, கங்காணியிடம் கடன்பட்டு, இருள் பிரியுமுன் பால்மரக் காட்டில் புகுந்து மரம் சீவிய நம் மக்கள். மதிப்பு கற்பிக்கப்பட்டது செடிக்கும் சாஸ்திரத்துக்கும் தோட்ட அமைப்புக்குமே. அவர்களுடைய உழைப்பு கணக்கில் சேரவில்லை.

பெயர் நீக்கத்திலும் இதே பார்வைதான். இதுவரை முழுமையாக நீக்கப்பட்டவை மூன்று. ஓமானின் ஓரிக்ஸ் மான் சரணாலயம் பரப்பு குறுக்கப்பட்டதற்காக 2007இலும், டிரெஸ்டன் நகரின் எல்ப நதிப் பள்ளத்தாக்கு பாலம் கட்டியதற்காக 2009இலும், லிவர்பூல் துறைமுகம் புதுக் கட்டடங்களுக்காக 2021இலும் பெயரிழந்தன. வாழ்ந்தவர்கள் வெளியேறிவிட்டார்கள் என்ற காரணத்துக்காக ஒரு தலமாவது நீக்கப்பட்டதுண்டா? வெனிஸின் பழைய நகரில் குடிகள் பெருவாரியாகக் குறைந்தும் அதன் பட்டத்துக்கு யாதொரு பங்கமும் இல்லை.

அவ்வளவு தூரம் போவானேன், பினாங்கு இருக்கிறது. பல இனத்தாரின் வாழும் மரபைச் சான்றாகக் காட்டியே ஜார்ஜ் டவுன் 2008இல் அப்பட்டத்தைப் பெற்றது. 2000இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபோதே ஆட்டங்கண்டிருந்த பழைய வாடகைதாரர்கள், பட்டத்தின் பிரசித்தியால் கடைவீடுகளின் விலை ஏறியபின் மேலும் மேலும் வெளியேறினார்கள். சுவர்கள் அழகாகப் புதுப்பிக்கப்பட்டு, பயணிகள் விடுதிகளும் காப்பிக் கடைகளும் உள்ளே வந்தன.

சிராங்கூன் சாலையின் நிலைமை இதற்கு ஏற்கெனவே வெகு அருகில் இருக்கிறது. 1989இல் லிட்டில் இந்தியா பாதுகாப்பு வட்டாரமானது; அந்த ஏற்பாடு முதன்மையாகக் காப்பது கடைவீடுகளின் முகப்பையும் கூரையையும் அமைப்பையும். 2001இல் இங்கேயும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ரத்தாயிற்று. பூச்சரம் தொடுப்பவரும், மசாலை அரைப்பவரும், நகை செய்யும் ஆசாரியும் சந்தை கேட்கும் வாடகையைக் கொடுத்தாக வேண்டும். உலகப் பட்டமோ அந்த வாடகையை உயர்த்துமேயன்றித் தாழ்த்தாது. 2020இல் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோவின் இன்னொரு பட்டியலில் ஏறியதே என்பார்கள். அது மனிதரின் பழக்கத்தைப் போற்றுவது மெய். எனினும் அந்தப் பெருமை எந்தக் கடைக்காரரின் வாடகைச் சீட்டிலும் ஒரு வெள்ளியைக் குறைக்கவில்லை.

ஆகவே, விண்ணப்பம் எழுத விரும்பும் அன்பர்கள், கேம்பல் லேனிலும் பஃபலோ சாலையிலும் தலைமுறையாகத் தொழில் நடத்துவோருக்குச் சந்தை விலைக்கு ஆட்படாத நீண்டகாலக் குத்தகை கிடைக்க முதலில் முயல வேண்டும். அந்த ஏற்பாடின்றி அனுப்பப்படும் எந்த விண்ணப்பத்திலும் நான் கையெழுத்திடமாட்டேன்.