ஃப்ளஷ்ஷைப் பார்த்துக்கொண்டது யார்?

வெர்ஜீனியா வுல்ஃபின் 'ஃப்ளஷ்' (1933), கவிஞர் எலிசபெத் பாரெட் வளர்த்த காக்கர் ஸ்பானியலின் வாழ்க்கை வரலாறு. நாயோட மூக்கு வழியா லண்டனையும் ஃப்ளாரன்ஸையும் காட்டும் பக்கங்கள் அபாரம். எனக்கு உறுத்துவது வேற.

ஸ்பானியல் வளர்ப்பவர்களுக்குத் தெரியும். தொங்குகிற காதுக்குள் காற்றுப் போகாது, ஈரம் தங்கினா சீழ் வைக்கும். மழையில் காதையும் பாதத்தையும் துடைக்கணும், வெயிலில் உண்ணி பார்க்கணும், வருஷம் முழுக்கச் சிக்கெடுக்கணும். நூலில் இந்த வேலையே கிட்டத்தட்ட இல்லை. இத்தாலியில் மட்டும், தெள்ளுப்பூச்சி தாங்காமல் ராபர்ட் பிரௌனிங் கத்தரிக்கோலால் முடியை வெட்டித் தள்ளுகிறார். அதையும் வுல்ஃப் ஃப்ளஷ்ஷின் விடுதலையாக்கிவிடுகிறார் (அந்த இடம் அழகுதான்).

எலிசபெத் நோயாளி. குளிர்காலம் முழுக்க மூடின அறை. அப்போ நாயை வெளியே கூட்டிப்போனது? பணிப்பெண் லில்லி வில்சன். அவள் கதை நூலின் கடைசியில், குறிப்புகள் பகுதியில் கிடக்கு. நீளமான குறிப்பு, சில அத்தியாயங்களைவிட எனக்கு அதுதான் பிடிச்சது. அவள் வாழ்க்கையை எழுத ஆள் வேணும்னு வுல்ஃபே அங்கே சொல்கிறார். பேனா அவர் கையில்தானே இருந்தது! 1990-இல் மார்கரெட் ஃபார்ஸ்டர் 'லேடிஸ் மெய்ட்' என்று அதை நாவலாக எழுதினார். அடுத்து அதைத்தான் எடுத்திருக்கேன்.