இலகு குறியாக்கம்: சிறிய சிப்புக்கு எது சுமை?

ஆர்எஃப்ஐடி அட்டைக்குள் பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் அலையிலிருந்து கிடைக்கும் கொஞ்சம் மின்சாரத்தில்தான் அது கணக்குப் போட வேண்டும். அதற்கு, பரவலாகப் பயன்படும் ஏஇஎஸ் குறியாக்க முறை பெரும் சுமை என்ற வாதத்திலிருந்து வளர்ந்ததே இலகு குறியாக்கம். 2007-இல் வெளியான ‘பிரசன்ட்’ என்ற இலகு முறை சுமார் 1,570 லாஜிக் கேட்களில் அடங்கியது. அன்றைய மிகச் சிறிய ஏஇஎஸ் வடிவமைப்புகளுக்கு ஏறக்குறைய இருமடங்கு தேவைப்பட்டது.

இலகு என்ற பெயரில் பலவீனமும் விலைபோனது. மைஃபேர் கிளாசிக் அட்டையில் இருந்த கிரிப்டோ-1-இன் சாவி 48 பிட்தான்; வடிவமைப்போ ரகசியம். 2008-இல் நெதர்லாந்தின் நைமேகன் ஆய்வாளர்கள் அதை உடைத்துக் காட்டினார்கள். ரகசியமாக வைத்ததால் யாரும் சோதிக்கவில்லை. அதுவே அதன் கேடு.

அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் இலகு குறியாக்கத்துக்காக நடத்திய திறந்த போட்டி இதற்கு நேர்மாறு. முதல் சுற்றில் ஏற்கப்பட்ட 56 வடிவமைப்புகளையும் உலகெங்குமுள்ள ஆய்வாளர்கள் குடைந்து பார்த்தார்கள். 2023-இல் ‘ஆஸ்கான்’ தேர்வானது. வெறும் 320 பிட் நினைவகத்தை வைத்துக்கொண்டு, ஒரே கலக்கும் முறையால் செய்தியை மறைக்கிறது, கலப்படத்தைக் கண்டுபிடிக்கிறது, ஹாஷும் கணக்கிடுகிறது. மின்நுகர்வை அளந்து சாவியைத் திருடும் தாக்குதலிலிருந்து இதைக் காப்பதும் ஏஇஎஸ்ஸைவிட எளிது. இது உண்மையான முன்னேற்றம், தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் ஒவ்வொரு செய்திக்கும் ‘நான்ஸ்’ என்ற புதிய எண் வேண்டும். மின்சாரம் போய்வந்ததும் எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் மலிவான சென்சார், பழைய எண்ணையே மறுபடி பயன்படுத்தும். அப்படிப் பயன்படுத்தினால் இரு செய்திகளின் தொடக்கப் பகுதிகளுக்கு (முதல் 16 பைட்) இடையிலான வேறுபாடு வெளியே தெரிந்துவிடும். சென்சாரின் அளவீடு பெரும்பாலும் 16 பைட்டுக்குள் அடங்கிவிடும் என்பதால், அந்தத் தொடக்கப் பகுதிதான் முழுச் செய்தியே. எண்ணிக்கையை அழியாத நினைவகத்தில் எழுதி வைப்பது எளிய வேலை. அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சேமிப்புக் கணக்கிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. இத்தகைய சாதனங்களில் பேட்டரியைத் தின்பது பெரும்பாலும் ரேடியோதான். ஐரோப்பாவில் லோராவான் என்ற ரேடியோ வலையமைப்பின் மிகக் குறைந்த வேகத்தில் ஒரு செய்திக்கு 51 பைட்டுதான் இடம். அங்கே ஆஸ்கானைப் பொருத்தினால் கலப்படத்தைக் கண்டுபிடிக்க அது சேர்க்கும் முழு முத்திரை மட்டுமே 16 பைட்டை எடுத்துக்கொள்ளும். கணக்கீட்டில் மிச்சம்பிடித்தது காற்றில் போய்விடும். இன்று பல மைக்ரோகன்ட்ரோலர்களில் ஏஇஎஸ் வன்பொருளாகவே வருகிறது. அங்கெல்லாம் ஆஸ்கானுக்கு மாறுவதற்குக் காரணம் இன்னும் குறைவு.

ஆய்வாளர்களின் உழைப்பு அல்காரிதத்தில் குவிந்திருக்க, ஓட்டையோ பெரும்பாலும் சாவியில் இருக்கிறது. பிலிப்ஸ் ஹியூ விளக்குகளில் இருந்தது உறுதியான ஏஇஎஸ்தான். குறியாக்க அறிஞர் ஆதி ஷமீர் உள்ளிட்ட குழு 2016-இல் ஒரு விளக்கின் மின்நுகர்வை அளந்தே சாவியை எடுத்தது. ஃபர்ம்வேரைக் காக்கும் அந்தச் சாவி அதே வகை விளக்குகள் எல்லாவற்றுக்கும் பொதுவானதாக இருந்ததால், ஒரு விளக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும் புழுவுக்கே வழி திறந்தது. ஆஸ்கான் இருந்திருந்தால் சாவியை எடுப்பது கடினமாகியிருக்கலாம். எடுத்தபின் எல்லா விளக்குகளும் திறந்திருக்கும் என்ற நிலை மாறியிருக்காது. ஆகவே இத்தகைய சாதனங்களை வாங்குவோர் எந்த அல்காரிதம் என்று கேட்பதற்கு முன், ஒவ்வொரு சாதனத்துக்கும் தனிச் சாவி உண்டா, கசிந்தால் அதை மாற்ற முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.