கவைக்கோலும் கற்றச்சரும்

இங்கிலாந்தின் தொல்லிடங்கள், பழைய தேவாலயங்கள் பற்றிய நூல்களுள் கை அண்டர்வூட் எழுதிய ‘கடந்தகாலத்தின் கோலம்’ தனித்து நோக்கற்பாலது. ஆசிரியர் மறைந்தபின் 1969இல் வெளிவந்த இந்நூல், கவைக்கோல் பிடித்து நிலத்தடி நீரோட்டம் பார்க்கும் வழக்கத்திலிருந்து பெரியதொரு முடிபுக்குத் தாவுகின்றது. ஸ்ரோன்ஹெஞ் கல்வட்டமும் மத்தியகாலத் தேவாலயங்களும் பூமியினடியிலுள்ள கோடுகளைத் தழுவியே அமைக்கப்பட்டன என்பதே அம்முடிபு.

இக்கோடுகளுக்குச் சான்று யாது? கோலின் அசைவு ஒன்றே. எதிர்பார்ப்பானது கையறியாமலே கையை அசைக்கும் என்பதை 1852இலேயே டபிள்யூ. பி. கார்பென்ரர் விளக்கியுள்ளார். தேடுபவரே சாட்சியுமாகும்போது ஆய்வு நம்பிக்கையாகிவிடுகின்றது.

ஆயின் தேவாலயங்களிற் காணப்படும் விகிதாசார ஒழுங்கு கற்பனையன்று. அதன் பிறப்பிடத்தை வேறிடத்தில் தேடவேண்டும். ஜேர்மனியின் றேகன்ஸ்பேர்க் பேராலயக் கட்டட வல்லுநரான மத்தேயஸ் றொறிற்சர் 1486இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். ஒரு சதுரம், அதன் பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் இன்னொரு சதுரம், அதனுள் மற்றொன்று. இவற்றினின்று சிறுகோபுரமொன்றின் அளவுகளெல்லாம் பெறப்படுகின்றன. கவராயமும் அளவுகோலுமே இதற்குப் போதும். மிலான் பேராலயத்தின் உயரத்தை எவ்வடிவத்தால் நிர்ணயிப்பதென்று 1391-92இல் விவாதம் நிகழ்ந்தபோது, ஸ்ரோர்னலோக்கோ என்னும் கணித அறிஞரின் ஆலோசனை பெறப்பட்டது. பூமி விதித்ததாயின் விவாதம் எதற்கு?

‘இரகசியம்’ ஒன்றும் இருந்ததுண்டு. தளப்படத்திலிருந்து உயரத்தைப் பெறும் முறையைத் தொழிலுக்குப் புறம்பானோருக்குக் கற்பிக்கலாகாதென 1459இல் றேகன்ஸ்பேர்க்கிற் கூடிய கற்றச்சர் விதித்தனர். தம் பிழைப்பைக் காக்கத் தொழிலாளர் இட்ட வேலி அது. பிற்காலத்தார் அதனைப் பிரபஞ்ச மறைபொருளாக்கினர்.

கவைக்கோலும் உழைப்போர் கையிலிருந்ததே. சுரங்கத் தொழிலாளரிடையே அதுபற்றி நிலவிய கருத்துவேறுபாட்டை 1556இல் வெளிவந்த தம் நூலிற் பதிவுசெய்த அக்றிக்கோலா, தேர்ந்த தொழிலாளிக்கு இயற்கைக் குறிகளே போதுமெனக் கருதினார்.

அண்டர்வூட்டின் வாசகரை நாம் எள்ளி நகையாடுவதிற் பயனில்லை. இக்கட்டடங்கள் எம்மை ஏன் ஈர்க்கின்றன என்ற அவர்களது வினா நியாயமானது. ‘அடித்தளம்’, ‘மேற்கட்டுமானம்’ என்று கூறியமைந்த எமது விமரிசனம் கற்றச்சரின் கவராயத்தைக் கவனியாது விட்டமையும் அவ்வினா மறைஞானத்தாரிடம் சென்றமைக்கு ஒரு காரணமாகும். கல்லில் உறைந்துள்ள அறிவை அதனை ஆக்கிய கைகளுக்கே மீட்டளிப்பது பொருள்முதல்வாத ஆய்வின் கடமையாகும்.